கத்திரி வெயில் நெருங்குகிறது, தக்காளிப் பூ எல்லாம் உதிர்கிறது: மாடித்தோட்டத்தைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

காட்பாடி மாடி
ஏப்ரல் 12, காலை 7:50

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் வாடகை வீடு, மூன்றாவது மாடி. அதற்கு மேல் உள்ள மொட்டை மாடியைப் பயன்படுத்திக்கொள்ள வீட்டுக்காரர் அனுமதித்திருக்கிறார். தை மாதம் தொடங்கிய தோட்டம். மொத்தம் 22 பைகள், எல்லாம் கறுப்பு நிறம், நேராகத் தளத்தின் மேலேயே வைத்திருக்கிறேன். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினேன்.

தக்காளி 6 பைகளில் இருக்கிறது. மாசியில் நட்ட நாற்று. இடுப்பளவு வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஆனால் பூக்காம்பில் சின்னதாக ஒரு முட்டி இருக்கிறதே, அந்த இடம் மஞ்சளாகிவிடுகிறது. விரல் பட்டாலே பூ கையோடு வந்துவிடுகிறது. இதுவரை காயாக நின்றது மூன்றுதான். அதிலும் ஒன்றின் அடிப்பாகம் கறுத்துப் போய்விட்டது. என் மகளுக்கு 6 வயது. தினமும் காலையில் மேலே ஓடிப்போய்ப் பூக்களை எண்ணுவாள். நேற்று 41 என்றாள், இன்று 19. "மீதி எங்கே அப்பா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பீர்க்கங்கொடி பந்தலில் நன்றாக ஏறியிருக்கிறது. பூக்கிறது, ஆனால் ஒரு பிஞ்சுகூட இல்லை. வெண்டை 4 பைகளில் விதைத்து 12 நாள் ஆகிறது. காலை, மதியம் ஒன்றரை மணி, மாலை என மூன்று வேளையும் தண்ணீர் விடுகிறோம். அப்படியும் மதியம் எல்லாச் செடிகளும் தலையைத் தொங்கப்போட்டுவிடுகின்றன.

இந்தத் தோட்டத்தை நான் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. அப்பா அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் கத்தரி பயிரிட்டவர். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது, நிலமும் இப்போது எங்களிடம் இல்லை. மண்ணில் கை வைக்காமல் என் மகள் வளர்ந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். கத்திரி தொடங்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. தக்காளியைக் காப்பாற்ற முடியுமா? நிழல்வலை போட வேண்டுமா, போட்டால் எவ்வளவு? இப்போது புதிதாக எதையாவது விதைக்கலாமா, இல்லை ஆடி வரை எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதா?

—

நெல்லைச் செடிகொடி
ஏப்ரல் 12, மாலை 4:15

மதியம் ஒன்றரைக்குத் தண்ணீர் விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். மீதியை மற்றவர்கள் சொல்லட்டும். என் அனுபவத்தில் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் மாடியில் கீரையைத் தவிர மற்றதற்குப் பாடுபடுவது வீண். நான் பைகளில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி மண்ணோடு கலந்துவிடுகிறேன். ஆடியில் மண் புதிதாகக் கிடைக்கிறது.

—

தையல்கடை அம்மா
ஏப்ரல் 13, காலை 5:20

தம்பி, நான் சத்துவாச்சாரி. நீங்கள் பார்க்கும் அதே வெயிலைத்தான் நானும் பார்க்கிறேன், அதே மலைகள்தான் இரவிலும் எங்கள் மேல் அனலை விடுகின்றன. கீழே தையல் கடை, மேலே மாடி. 14 கோடையாகச் செடி வைத்திருக்கிறேன். நெல்லைக்காரர் சொல்வதுபோல் நிறுத்த வேண்டியதில்லை. தக்கைப்பூண்டு நல்ல யோசனைதான், நான்கைந்து பைகளில் செய்யுங்கள். ஆனால் உங்கள் மகள் காலையில் மேலே ஏறிவந்து பார்க்க ஏதாவது காய் இருக்க வேண்டும். இருக்கும்.

முதலில் ஒன்று செய்யுங்கள். இன்று மதியம் ஒன்றரை மணிக்குக் குழாயைத் திறந்து, முதலில் வரும் தண்ணீரில் உள்ளங்கையைக் காட்டுங்கள். வெயிலில் கிடந்த ரப்பர் குழாய், வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டி இரண்டிலும் இருந்து வருவது வெந்நீர். அதைத்தான் தினமும் வேரில் ஊற்றுகிறீர்கள். நான் முதல் வருடம் இப்படி ஊற்றியே எட்டு மிளகாய்ச் செடிகளைக் கொன்றேன். இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி இன்னும் ஊற்றினேன், வேர் அழுகியது. மதியம் இலை தொங்குவது பெரும்பாலும் தண்ணீர் இல்லாததால் அல்ல. இலை வழியே போகும் வேகத்துக்கு வேரால் ஏற்றித் தர முடியவில்லை, அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்கு நிமிர்ந்துவிட்டால் செடி நலமாக இருக்கிறது. காலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

தண்ணீர் காலை ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள், அடித்துளை வழியே வெளியே வரும் வரை நிறைவாக. மாலையில் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் அரை அளவு, அதுவும் குழாயில் தேங்கிய தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஆற வைத்துவிட்டு. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. உங்களுடையதும் அப்படியானால் பையின் வாயோரம் வெள்ளையாகப் படிந்திருக்கும். அப்படிக் கண்டால் வாரம் ஒரு நாள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு விட்டு உப்பைக் கீழே இறக்கிவிடுங்கள்.

அடுத்தது தளம். இரவு பத்து மணிக்குச் செருப்பில்லாமல் மொட்டை மாடியில் நின்று பாருங்கள். பாதம் சுடும். பகல் முழுவதும் குடித்த வெயிலைச் சிமென்ட் இரவெல்லாம் கக்குகிறது. உங்கள் பைகள் அதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன, போதாததற்குக் கறுப்பு. பக்கவாட்டில் வெயில், அடியில் தளம் என்று வேர் வேகிறது. எல்லாரும் தலைக்கு மேல் வலை கட்டுவதையே யோசிக்கிறார்கள். நான் எப்போதும் வேரைத்தான் முதலில் பார்ப்பேன். இந்த வாரத்துக்குள் ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள், அடியில் காற்று புக வேண்டும். பைகளைத் தனித்தனியாகப் பரப்பாமல் நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள், ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும். மேற்கு ஓரத்தில் இருக்கும் பைகளுக்குப் பழைய கோணிச் சாக்கைச் சுற்றுங்கள். நான் சாக்கைப் பாவாடைபோல் சுருக்கு வைத்துத் தைத்து நாடா போட்டு வைத்திருக்கிறேன், 9 வருடமாக அதே சாக்குகள்தான். மேல் மண் தெரியாமல் நான்கு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை, தேங்காய் மட்டை நார், எது கிடைக்கிறதோ அதைப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். மூடாக்கு போட்ட பைக்கும் போடாத பைக்கும் வித்தியாசம் மூன்றே நாளில் தெரிந்துவிடும்.

இப்போது தக்காளி. வருத்தப்படாதீர்கள், இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. தக்காளி காய் பிடிக்க வேண்டுமானால் இரவு குளிர வேண்டும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25க்குக் கீழே இறங்காவிட்டால் பூவுக்குள் இருக்கும் மகரந்தம் வீரியம் இழந்துவிடுகிறது. சூல் பிடிக்காத பூவைச் செடி தானே கழற்றி விடுகிறது. நீங்கள் பார்த்த அந்த முட்டிதான் கழற்றும் இடம். மகளிடம் இதையே சொல்லுங்கள், "காய்க்க முடியாத பூவைச் செடி சுமக்காது" என்று. புரிந்துகொள்வாள். அடி கறுத்த காய் நோய் அல்ல. ஒரு நாள் வெள்ளமும் ஒரு நாள் காய்ச்சலுமாக இருந்தால் சுண்ணாம்புச் சத்து காயின் அடி வரை போய்ச் சேர்வதில்லை. தண்ணீர் சீரானால் அதுவும் சீராகும். ஆறில் நல்ல செடி இரண்டை மட்டும் நிழலில் வைத்துக் காப்பாற்றுங்கள், நான்கைப் பிடுங்கிவிடுங்கள். கை வராது, தெரியும். ஆனால் அந்த நான்கு பைகள் உங்களுக்கு வேண்டும். அடுத்த தக்காளி நாற்றை ஆனியில் விடுங்கள், புரட்டாசியில் பழம் பறிப்பீர்கள்.

அந்த நான்கு பைகளிலும் கொத்தவரை போடுங்கள். கோடைக்கென்றே பிறந்த செடி அது. பூசா நவ்பஹார் என்று கேட்டு வாங்குங்கள், கிளை பரப்பாமல் ஒற்றைத் தண்டாக நிற்கும், பைக்கு மூன்று செடி தாராளமாக வைக்கலாம். நாற்று விட்டு நடக்கூடாது, ஆணிவேர் செடி, நேராக விதைத்துவிட வேண்டும். தண்ணீரைக் குறைத்தே கொடுங்கள். அதிகம் விட்டால் இலையாக வளர்ந்து நிற்கும், காய் வராது. 45, 50 நாளில் தண்டோடு ஒட்டிக் கொத்தாகக் காய்க்கும். இதைத் தவிர காராமணி, பருப்புக்கீரை, தண்டுக்கீரை. கீரை விதையை மணலோடும் ஒரு கைப்பிடி ரவையோடும் கலந்து தூவுங்கள். எறும்பு ரவையை இழுத்துக்கொண்டு போகும், விதை தப்பிக்கும்.

பீர்க்கைக் குறை சொல்லாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஆண் பூதான் வரும், வெயில் ஏற ஏற ஆண் பூ இன்னும் கூடும். நீளக் காம்பில் கொத்தாக வருவது ஆண். தனியாக, பின்னால் சுண்டுவிரல் நுனியளவு குட்டிக் காயோடு வருவது பெண். முக்கியமான விஷயம், பீர்க்கம்பூ மாலையில்தான் விரியும். காலையில் மேலே போகும் நீங்கள் வாடிய பூவைத்தான் பார்த்திருப்பீர்கள். பெண் பூ வந்ததும் மாலை ஆறரைக்குப் போய், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். மூன்றாவது மாடியில் வண்டுகள் வருவது குறைவு. உங்கள் மகள் அந்த வண்டாக இருக்கட்டும். சின்ன விரலுக்கு அது அழகாக வரும்.

நிழல்வலை வேண்டும். காய்கறிக்கு 35 சதவீதம் வெயிலை மறைக்கும் வலை, கீரைக்கு 50. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 50 வாங்கி, கீரையும் தக்காளியும் அதன் கீழே, வெண்டை, கொத்தவரை, பீர்க்கு வெளியே. ஏழடி உயரத்துக்குக் குறையாமல் கட்டுங்கள். நான்கு பக்கமும் கூடாரம் போல் மூடிவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். மேற்குப் பக்கம் மட்டும் மூன்றடி தொங்க விடுங்கள், மூன்று மணி வெயில்தான் கொல்லும் வெயில். ஓரத்தை மடித்து உள்ளே கயிறு வைத்து இரண்டு தையல் போட்டுக் கட்டினால்தான் சித்திரை மழைக்காற்றுக்குத் தாங்கும். வெறும் வலையில் துளை போட்டுக் கட்டினால் கிழிந்துகொண்டே போகும்.

கடை திறக்கும் நேரம் வந்துவிட்டது. மீதி இரவில்.

—

வேளாண் மாணவி
ஏப்ரல் 13, காலை 11:05

அம்மா சொன்னது எல்லாம் சரி. நான் சிறிது சேர்க்கிறேன். தக்காளி தன் மகரந்தத்தால் தானே சூல் பிடிக்கும் செடி, பூவை அசைத்தால் போதும். இரவு கொஞ்சம் குளிர்ந்த நாள்களில், மழைக்கு மறுநாள் காலை எட்டு மணியளவில், மீதியுள்ள இரண்டு செடிகளின் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். ஒன்றிரண்டு நிற்க வாய்ப்பு உண்டு. மகரந்தம் கெட்ட நாளில் எவ்வளவு தட்டினாலும் பயன் இல்லை.

இன்னொன்று, செம்பேன். வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் வெண்டை, கத்தரி இலைகளில் பெருகும். இலையின் மேல்பக்கம் வெளிறிய புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. காலையில் இலையின் அடிப்பக்கம் படுமாறு தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி குறையும். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் சாய்ந்த பிறகுதான் தெளிக்க வேண்டும், பகலில் தெளித்தால் இலை கருகும்.

அம்மாவிடம் ஒரு கேள்வி: பூ நிற்பதற்குத் தேமோர் கரைசல் தெளிப்பீர்களா?

—

தையல்கடை அம்மா
ஏப்ரல் 13, இரவு 9:40

தெளிப்பேன் மகளே, கத்தரிக்கும் மிளகாய்க்கும். தேங்காய்ப்பாலும் புளித்த மோரும் சம அளவு, ஒரு வாரம் ஊற வைத்து, பத்து மடங்கு தண்ணீரில் கலந்து மாலையில். எனக்குப் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் 40 டிகிரியில் தக்காளிப் பூவை எந்தக் கரைசலும் நிறுத்தாது, அதற்காகத் தேங்காயை வீணாக்க வேண்டாம் என்றுதான் தம்பிக்குச் சொல்லவில்லை. பூவைச் சுண்டிவிடும் யோசனை நல்லது. நான் இதுவரை செய்ததில்லை, இந்த வருடம் மழைக்கு மறுநாள் செய்து பார்க்கிறேன்.

—

காட்பாடி மாடி
ஏப்ரல் 25, காலை 6:45

அம்மா, நீங்கள் சொன்ன அன்றே மதியம் குழாய்த் தண்ணீரில் கை வைத்தேன். சட்டென்று இழுத்துக்கொண்டேன். அதைத்தான் ஒரு மாதமாக ஊற்றியிருக்கிறோம் என்று நினைக்கவே கஷ்டமாக இருந்தது. 44 செங்கற்களை மூன்று மாடி ஏற்றினேன், இரண்டு நாள் ஆனது. மூடாக்குக்கு எதிர்வீட்டு வேப்பமரச் சருகு. இப்போது தண்ணீர் காலையில் ஒரு வேளைதான், மாலையில் பாதி நாள் தேவைப்படுவதில்லை. மதியம் வாடுகிறது, ஆறு மணிக்கு நிமிர்ந்துவிடுகிறது. மகளை அழைத்துப்போய் அதைக் காட்டினேன்.

தக்காளி நான்கையும் பிடுங்கிவிட்டேன். கொத்தவரையை 16ஆம் தேதி விதைத்தோம், 12 விதையில் 10 முளைத்திருக்கிறது. பீர்க்கில் முதல் பெண் பூ செவ்வாய்க்கிழமை வந்தது. நீங்கள் சொன்னபடி மாலையில் மகள்தான் தடவினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. இப்போது சுண்டுவிரல் நீளம் ஆகியிருக்கிறது.

இரண்டு சந்தேகம். பிஞ்சைச் சுற்றி ஒரு சின்ன ஈ உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது, அது எதுவும் செய்யுமா? வெண்டை காய்க்கத் தொடங்கினால் எப்போது, எப்படிப் பறிப்பது? அப்பா இருந்தவரை பறிப்பது அவர் வேலை, நாங்கள் சுமப்பதோடு சரி.

—

தையல்கடை அம்மா
ஏப்ரல் 25, இரவு 10:10

அந்த ஈயை விடாதீர்கள். பழ ஈ. பிஞ்சின் தோலில் குத்தி முட்டை வைக்கும். அந்த இடம் பழுத்துக் காய் கோணிக்கொள்ளும், அறுத்தால் உள்ளே புழு. இன்றே பிஞ்சுக்குச் சட்டை போடுங்கள். நான் மெல்லிய வெள்ளை மல் துணியில் ஒன்றரை முழ நீளத்துக்குப் பை தைத்து, மேலே சுருக்கு நாடா வைத்திருக்கிறேன். பூவின் மகரந்த வேலை முடிந்த மறுநாளே மாட்டிவிட வேண்டும். காய் உள்ளேயே நீளும். துணி இல்லாவிட்டால் செய்தித்தாளை உருட்டிக் குழல்போல் ஒட்டி மாட்டலாம், மழை வந்தால் மாற்ற வேண்டியிருக்கும். கூடவே ஒரு கருவாட்டுப் பொறி: பழைய தண்ணீர்ப் புட்டியின் பக்கத்தில் நான்கு துளை, உள்ளே சோப்புத் தண்ணீர், அதற்கு மேல் நூலில் ஒரு துண்டு கருவாடு. கருவாடு ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்துவிட்டால் ஈ வராது. நாற்றம் வீட்டுக்குள் வராத மூலையில் கட்டுங்கள், வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பறிப்பதைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்காக உங்களை மெச்சுகிறேன். விதைப்பதைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள். மாடித்தோட்டத்தில் விளைச்சலைப் பாதியாகக் குறைப்பது பூச்சி அல்ல, பறிக்காமல் விடுவது. "இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும்" என்று ஒரு வெண்டைக்காயை விட்டால் அது நாராகிறது. உள்ளே விதை முற்றத் தொடங்கியதும் செடியின் கவனமெல்லாம் அந்த ஒரு காய்க்குப் போய்விடும், மேலே புதுப் பூ குறையும். பூத்த ஆறாம் நாள், அல்லது ஏழாம் நாள் பறித்துவிடுங்கள். நுனியை ஒடித்துப் பார்க்கும் பழக்கம் கடையில் வாங்கும்போது சரி, சொந்தச் செடியில் வேண்டாம். விரலால் நடுவில் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று கொடுக்க வேண்டும். வெயிலில் ஒரே நாளில் இரண்டு விரற்கடை வளரும், அதனால் ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டாயம். ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டாரைப் பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போங்கள்.

நேரம் காலை ஆறு மணி. இரவின் குளிர்ச்சி காய்க்குள் இருக்கும்போது பறித்தால் இரண்டு நாள் வாடாது; பத்து மணிக்குப் பறித்தது மாலையே சுருங்கும். இழுத்துப் பிய்க்காமல் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். இழுத்தால் பையில் உள்ள செடிக்கு வேர் ஆடிவிடும், நிலத்துச் செடிபோல் அது தாங்காது. வெண்டையின் சுணை மகளுக்கு அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டு விடுங்கள். பருப்புக்கீரையை வேரோடு பிடுங்காமல், அடியில் இரண்டு கணு விட்டுக் கிள்ளுங்கள், பத்து நாளில் மறுபடி தழைக்கும்.

வெண்டையில் இலை நரம்பு மட்டும் மஞ்சளாக வலைபோல் தெரிந்தால் அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மஞ்சள் நரம்புத் தேமல் நோய், வெள்ளை ஈ பரப்புவது, மருந்து இல்லை. பிடுங்கி மூட்டைக்குள் கட்டிக் கீழே அனுப்பிவிடுங்கள். ஒன்றுக்கு இரக்கப்பட்டால் நான்கும் போய்விடும்.

—

உறையூர் கத்தரி
ஏப்ரல் 26, காலை 8:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நானும் திருச்சியில் இதே வெயிலில் கத்தரி வைத்திருக்கிறேன். செடி நன்றாக இருக்கும்போதே நுனி மட்டும் திடீரென்று தொங்குகிறது, மாலையிலும் நிமிரவில்லை. இது தண்ணீர்ப் பிரச்சினையா?

—

தையல்கடை அம்மா
ஏப்ரல் 26, மதியம் 2:00

இல்லை ஐயா, தண்டுத் துளைப்பான். நுனிக்குள் புழு இருக்கிறது. தொங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, புழுவோடு நசுக்கிவிடுங்கள். வெட்டியதைப் பைக்குள்ளேயே போடாதீர்கள். அதே புழுதான் பிறகு காயையும் துளைக்கும். ஓட்டை விழுந்த காயைச் செடியில் விடாமல் எடுத்துவிடுங்கள். வாரம் இருமுறை பார்த்து வெட்டினால் நாலைந்து செடி உள்ள வீட்டுக்கு அதுவே போதும்.

கத்தரி என்றதும் காட்பாடித் தம்பிக்குச் சொல்ல நினைத்தது ஞாபகம் வருகிறது. உங்கள் அப்பா அணைக்கட்டுப் பக்கம் பயிரிட்டது இலவம்பாடி முள்ளுக் கத்தரியாகத்தான் இருக்கும். காம்பில் முள், காய் எண்ணெயில் வெந்தால் வெண்ணெய்போல் கரையும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அந்தப் பக்கம் உறவுக்காரர் யாரிடமாவது விதை இருக்கும், கேட்டு வாங்குங்கள். வைகாசிக் கடைசியில் நாற்று விட்டால் ஆடியில் நடலாம். பெரிய பையாக இருக்கட்டும், 15 அங்குலத்துக்குக் குறையாமல்.

—

காட்பாடி மாடி
ஜூன் 7, காலை 9:15

கத்திரி முடிந்து பத்து நாள் ஆகிறது. நடந்ததை எழுத வேண்டும் என்று இருந்தேன்.

மே இரண்டாம் வாரம் ஓர் இரவு காற்றோடு மழை வந்தது. வலையை நான் தைக்காமல் கட்டியிருந்தேன், ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. மறுநாள் மனைவி ஓரம் மடித்துத் தைத்துத் தந்தார், அதன் பிறகு இரண்டு மழை பார்த்தும் அசையவில்லை. வெண்டையில் ஒரு செடிக்கு மஞ்சள் நரம்பு வந்தது. பிடுங்கும்போது மகள் அழுதாள், ஆனாலும் பிடுங்கினோம், மற்ற மூன்றும் நலம். முதல் வெண்டை மே 16. ஒன்றுவிட்டு ஒருநாள் நான்கு, ஐந்து காய் கிடைக்கிறது. எங்கள் மூவருக்கும் வாரம் இரண்டு நாள் பொரியலுக்குக் கூட்டிச் சேர்த்தால் போதுகிறது.

பீர்க்கு இதுவரை 7 காய், எல்லாம் துணிச் சட்டைக்குள் வளர்ந்தவை. சட்டை போடாத ஒன்று மட்டும் கோணிப் போனது. கொத்தவரை ஜூன் 3ஆம் தேதி முதல் பறிப்பு, 310 கிராம். நேற்று மறுபடி 400. தக்காளியில் நிழலில் இருந்த இரண்டு செடிகளில், மழைக்கு மறுநாள் சுண்டிவிட்ட கொத்தில் மூன்று காய் நின்றன. ஒன்று பழுத்தது. மூன்றாக அறுத்து உப்புத் தூவிச் சாப்பிட்டோம். மாணவிக்கு மகள் நன்றி சொல்லச் சொன்னாள்.

விதை கிடைத்துவிட்டது அம்மா. பெரியம்மா வீட்டில், அடுப்புக்கு மேல் தொங்கிய துணி முடிச்சில் இருந்தது. அப்பா கொடுத்துவைத்ததாம். பழைய விதை, முளைக்குமோ என்னவோ என்று பயந்தேன். ஈரத் துணியில் 20 விதை வைத்ததில் 6 முளைவிட்டிருக்கிறது. இப்போது நாற்றுத் தட்டில்.

கொத்தவரை மூவருக்கு அதிகமாகிறது. அதை என்ன செய்வது? வெண்டையில் விதை எடுக்கலாமா?

—

தையல்கடை அம்மா
ஜூன் 7, இரவு 9:55

ஆறு போதும் தம்பி. ஆறு செடி காய்த்தால் அடுத்த வருடத்துக்கு ஊருக்கே கொடுக்கலாம். நாற்று நான்கு இலை விடும் வரை நேர் வெயில் காட்டாதீர்கள், காலை வெயில் மட்டும்.

கொத்தவரை மிஞ்சியதை வற்றல் போடுங்கள். காம்பு கிள்ளி, உப்புப் போட்ட தண்ணீரில் ஒரு கொதி மட்டும் விட்டு வடித்து, புளித்த மோரில் ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் வெள்ளைத் துணியில் பரப்புங்கள். மாலையில் மறுபடி அதே மோரில். மோர் முழுவதும் இழுத்துக்கொள்ளும் வரை இப்படியே, பிறகு உடைத்தால் 'டக்' என்று ஒலிக்கும் வரை வெயில். இப்போது இருக்கும் வெயிலுக்கு நான்கு நாள் போதும், ஆடிச் சாரலுக்கு முன் முடித்துவிடுங்கள். கார்த்திகை மழையில் வற்றல் குழம்பு வைக்கும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெண்டை விதைக்கு, மூன்று செடிகளில் திடமான ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதில் இனிப் பறிக்க வேண்டாம், மற்ற இரண்டில் பறித்துக்கொண்டே இருங்கள். நடுத்தண்டில் நேராக வந்த இரண்டு காய்களுக்குக் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள், மறந்துபோய் யாரும் வெட்டிவிடாமல். காய் பழுப்பாகி, ஓரம் வெடிக்கத் தொடங்கியதும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். கிலுகிலுப்பைபோல் ஆட்டினால் உள்ளே சத்தம் வரும்.

—

காட்பாடி மாடி
ஜூன் 8, காலை 6:20

நூல் கட்டியாயிற்று அம்மா. சிவப்பு கிடைக்கவில்லை, மகளின் பச்சை ரிப்பன். வெண்டையில் பச்சை தெரியாது என்று சொல்லி அவளே கழற்றிவிட்டாள். இப்போது மனைவியின் தையல் பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறாள்.